வாளிக்கு வராத வெள்ளி

கல்யாணமான புதிதில், ஃபோட்டோக் கடை வைத்திருந்த படக்காரர் தம் மனைவிக்கு ஒரு பாகப்பிரிவினை செய்து கொடுத்தார். "படம் எனக்கு, வாளி உனக்கு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கேலியாகச் சொன்னதையும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்கிற மனுஷி அவள். பதினாறு வருஷமாக அந்த வாளியை அவள் விடவில்லை.

சும்மா வாளி இல்லை அது. இருட்டறையில் படம் போடுகிறவர்கள் கடைசியாகத் தாளை ஹைப்போ என்கிற கரைசலில் முக்கி எடுப்பார்கள். ஃபோட்டோத் தாள் முழுக்க வெள்ளி உப்புப் பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். படாத இடத்து வெள்ளியை ஹைப்போ கரைத்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். படத்தில் கறுப்பாகத் தெரிவது தங்கிவிட்ட வெள்ளி, வெளுப்பாகத் தெரிவது கிளம்பிவிட்ட வெள்ளி. கிளம்பின வெள்ளி சாதாரணமாகச் சாக்கடைக்குத்தான் போகும். இந்த வீட்டில் மட்டும் அது வாளிக்குப் போனது.

பின்பக்கத் தகரக் கொட்டகையில் அவள் கடை விரித்திருந்தாள். வாளிக்குள் சுருட்டி நிறுத்திய எவர்சில்வர் தகடு, நடுவில் ஒரு கரிக்கம்பி, இரண்டுக்கும் கொஞ்சமாக மின்சாரம். இரண்டு மூன்று நாளில் தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் வெள்ளி பொருக்குத் தட்டி நிற்கும். அவசரப்பட்டு மின்சாரத்தைக் கூட்டினால் போச்சு, கரைசல் கறுத்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். ஆரம்பத்தில் இரண்டு தடவை அப்படி ஆகி, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு வெள்ளிக்காரி என்று பெயர் விழுந்தது. கோபத்தில் வைத்த பெயர், பிறகு மரியாதையாகிவிட்டது.

பொருக்கைச் சுரண்டி எடுத்தபின் மிச்சக் கரைசலைப் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரின் வழியாக ஒழுகவிடுவாள். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளியும் அங்கே தங்கிவிடும். கடைசியில் ஒரு செப்புத் துண்டை முக்கிப் பார்ப்பாள். செப்பு வெளுத்தால் தண்ணீரில் வெள்ளி இருக்கிறது, சிவப்பாகவே இருந்தால் இல்லை. சிவப்பைப் பார்த்தபிறகுதான் அவள் கை கழுவுவாள்.

வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் வெண்காரம் போட்டு உருக்கி ஒரே ஒரு வில்லையாக வார்ப்பாள். ஒரு வருஷத்துக்கு ஒரு வில்லை. பதினைந்து வில்லைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. விற்கவும் மாட்டாள், வளையலோ கொலுசோ செய்துகொள்ளவும் மாட்டாள். எதற்குத்தான் இது என்று கேட்டால் "இருக்கட்டும்" என்பாள். சிலர் டைரி எழுதுகிறார்கள், இவள் வில்லை வார்த்தாள், அவ்வளவுதான். கடை மாறின வருஷத்து வில்லை பொட்டுப் போல இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்த வருஷத்து வில்லை உள்ளங்கையை நிறைக்கும்.

இந்த வருஷமும் உள்ளங்கையை நிறைக்கும் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஆவணக் காப்பகம் ஒன்று பழைய நெகட்டிவ்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தது. பாலங்கள், ரயில் நிலையங்கள், கப்பல்துறை, கூரை போடுவதற்கு முந்தின சந்தைக் கட்டடம். எல்லாவற்றையும் பெரிய தாளில் போட்டு, இடையில் மெல்லிய காகிதம் வைத்து, பெட்டியில் அடுக்கி அரக்கு முத்திரை வைத்துத் தர வேண்டும். முதல் பாதி போன வருஷமே முடிந்துவிட்டது. இரண்டாம் பாதியில் கடைசி மூன்று பெட்டிகள்தான் பாக்கி. படக்காரர் காலையில் இருட்டறைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

அந்த மூன்று பெட்டிகளின்போதுதான் வெள்ளி குறைந்தது.

வாரத்துக்கு நாற்பது கிராமுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது முதலில் முப்பத்தைந்து ஆனது. சரி, தராசு பொய் சொல்கிறது என்று தராசைத் துடைத்து வைத்தாள். அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் இருபத்தாறு. அவள் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் காலித் தாள் உறைகளை எண்ணினாள். உறைகள் குறையவில்லை. தாள் அதேதான், வேலை அதேதான், பாலமும் ஸ்டேஷனும் அதே மாதிரிதான். அப்படியென்றால் வெள்ளி எங்கே?

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள், அந்த நியாயம் அவளிடம் உண்டு. கரிக்கம்பியை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். இரும்பு நாரைப் புதிதாக வைத்தாள். கடைசித் தண்ணீரில் செப்பு சிவப்பாகவே இருந்தது. அவள் பக்கம் ஒரு பொட்டுக்கூட வீணாகவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் புத்தி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படுகிறவன் கொழுந்தன்.

கொழுந்தன், படக்காரரின் ஒரே தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டதும் ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்து மாடி அறையில் தங்கினான். பெண்டாட்டி பிள்ளை என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வண்டி ஓட்டினான். கடைக்குச் சாமான் கொண்டுவருவது, படங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இருட்டறையிலிருந்து ஹைப்போ டிரம்மைத் தூக்கிக் கொட்டகையில் வைப்பது எல்லாம் அவன் வேலை. வாய் மட்டும் ஓயாது. "அண்ணி, உங்க வாளியில என்னை முக்கி எடுத்தா எத்தனை கிராம் தேறுவேன்?" என்று கேட்பான். இவள் "வெறும் தண்ணிதான் வரும்" என்பாள். ஐந்து வருஷமாக இரண்டு பேருக்கும் இப்படித்தான் பொழுது போனது. அவளுக்கு அவனைத் திட்டாமல் ஒரு நாள் கழிந்தால் என்னவோ குறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் சிரிப்பெல்லாம் வேறு மாதிரி கேட்கிறது. கொட்டகைக்கு இன்னொரு சாவி அவனிடம் இருந்தது. கொஞ்ச நாளாக அவள் அறைக்குள் நுழைந்தால் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். தாள் வாங்கப் போகிறோம் என்று இரண்டு செவ்வாய்க்கிழமை வண்டியில் கிளம்பிப் போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கடை பூட்டியிருந்தது என்றான் கொழுந்தன். இரண்டு செவ்வாயுமா? இரண்டு செவ்வாயும்தான் என்றான். இப்படி ஒரு கடைக்காரன் எங்கேயாவது பிழைப்பானா?

அவள் கொட்டகைப் பூட்டை மாற்றினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாளியைக் காவல் காத்தாள். அந்த வாரமும் இருபத்தாறுதான். அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. டிரம் வந்து இறங்கினதும் அப்படியே செப்புத் துண்டை முக்கினாள். முன்பெல்லாம் பத்து எண்ணுவதற்குள் செப்பு வெளுத்துவிடும். இப்போது முப்பது எண்ண வேண்டியிருந்தது. வருகிறபோதே நீர்த்துப்போய் வருகிறது ஹைப்போ. இருட்டறை வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருபது அடி தூரம். அந்த இருபது அடியில் டிரம்மைத் தொடுகிறவன் ஒரே ஆள்.

பாதி ஹைப்போவை வேறு எதிலாவது ஊற்றி எடுத்துக்கொண்டு, குறைகிறதற்குத் தண்ணீரைக் கலந்துவிடுகிறான். அவள் மனசு அதை அப்படியே படம் பிடித்துக் கொடுத்துவிட்டது. அடிமடியிலேயே கை வைத்துவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. திருடு போனதைவிட, திருடினவனோடு ஐந்து வருஷம் சிரித்துப் பேசியிருக்கிறோமே என்பதுதான் அதிகமாக எரிந்தது.

அந்த வாரக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டில் அவள் அதைக் கேட்டேவிட்டாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணன் எதிரிலேயே கேட்டால்தான் மறைக்க மாட்டான் என்று ஒரு கணக்கு.

"தம்பி, ஹைப்போவுல தண்ணி கலக்கிறீங்களா?"

கொழுந்தன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் வாராவாரம் குறைந்த கிராமையும், புதுப் பூட்டையும், செப்பு வெளுக்க முப்பது எண்ணினதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சூடு ஏறிக்கொண்டது. ஐந்து வருஷமாகச் சோறு போட்ட வீட்டில் திருடுகிறவனுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் பெயரையும் அவளே சொன்னாள்.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொழுந்தன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி, இடுப்பிலிருந்து பழைய சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"சரி அண்ணி" என்றான்.

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்பனின் வண்டிப் பட்டறைக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்காரி ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. படக்காரர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அந்தத் தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர் அவர். அவனை ஒரு சொல் சொன்னதற்காக மாமாவோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர். அப்படிப்பட்டவர் இன்றைக்கு எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிச் சும்மா இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் அவள் தலையைக் குடைந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் டிரம்மை அவளே தூக்கினாள். அதையும் நம்பாமல், படக்காரர் சாப்பிட வெளியே வந்த சமயம் இருட்டறைக்குள் போய்த் தொட்டியிலிருந்தே ஒரு குவளை மொண்டுகொண்டு வந்தாள். யார் கையும் படாத ஹைப்போ. செப்பை முக்கி எண்ணினாள்.

முப்பத்திரண்டு.

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கொழுந்தன் இல்லை, தண்ணீர் இல்லை, பூட்டு இல்லை. தொட்டியிலேயே வெள்ளி இல்லை. ஒரு மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசி வீட்டைவிட்டு அனுப்பியாயிற்று, அவன் ஒன்றும் செய்யவில்லை. இது முதலில் உறைத்தது. அதற்குப் பிறகுதான் மற்றதை யோசிக்க முடிந்தது.

வெள்ளி வாளிக்கு வரவில்லை, தொட்டிக்கும் வரவில்லை என்றால் தாளைவிட்டே கிளம்பவில்லை. ஹைப்போ கெட்டுப்போயிருக்க வேண்டும். கெட்ட ஹைப்போ வெள்ளி உப்பைப் பாதியிலேயே விட்டுவிடும். படம் இன்றைக்கு நன்றாக இருக்கும், இரண்டு வருஷத்தில் மஞ்சள் பூத்துப் பாழாகிவிடும். நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று காப்பகம் கேட்ட படங்கள் அவை. படக்காரர் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார். அவள் யோசிக்காமல் முன்னறைக்குப் போய், வேலை முடிந்து அடுக்கியிருந்த இரண்டு பெட்டிகளில் மேலே இருந்ததன் அரக்கு முத்திரையை உடைத்தாள். பதினாறு வருஷத்தில் அவர் பாகத்தில் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய் முதல் படத்தைத் திருப்பினாள். பாலம். பாலம்தானா? உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆறு கறுப்பு, தூண்கள் கறுப்பு, வானம் முழுக்க அடுப்புக்கரி பூசின மாதிரி. அடுத்தது ரயில் நிலையம், கடிகாரத்தில் மணி தெரியவில்லை. அதற்கடுத்தது சந்தை, ஆட்கள் எல்லாம் நிழலாக நின்றார்கள். எதிர்ச் சுவரில் போன வருஷம் போட்ட அதே பாலம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாலத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் போகிறார், குடைக்கம்பிகளை எண்ணலாம், வானம் சலவை செய்த துணி மாதிரி வெள்ளை. அந்த வெள்ளை அத்தனையும் போன வருஷம் அவள் வாளிக்கு வந்தது. இந்த வருஷத்து வெள்ளை கறுப்பாகிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

ஹைப்போவில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் அதிகமாக விட்டிருக்கிறார். படத்தை எழும்ப வைக்கிற டெவலப்பர் கரைசலிலிருந்து தாளை நேரத்துக்கு எடுக்காமல் விட்டிருக்கிறார். ஒரு படமா, இரண்டு படமா, பெட்டி முழுக்க. அவருக்கா தெரியாது? அரை விநாடி கூடினாலும் தாளைக் கிழித்துப் போடுகிற மனுஷன்.

தெரியாதுதான். தெரிந்தால் எடுத்திருப்பாரே.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அவர் செய்தித்தாளை ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தது. விளக்கு மங்கலாக எரிகிறது என்று நல்ல பல்பைக் கழற்றிப் போட்டது. எதிர்வீட்டுக்காரர் கும்பிட்டபோது திரும்பக் கும்பிடாமல் போனது, அதற்கு அவரைத் திமிர் என்று அவள் திட்டினது. எவ்வளவு கெட்டிக்காரி அவள். தராசை, ஒயரை, கரிக்கம்பியை, பூட்டை, கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தவனை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். அவர் கண்ணையும் கையையும் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெளிக்கதவு சத்தம் கேட்டது. அவள் கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். படக்காரர் வாசல் படியில் முதலில் காலைத் தேய்த்து விளிம்பைக் கண்டுபிடித்து, பிறகு ஏறினார். மூன்று படி. ஒவ்வொன்றிலும் உதடு அசைந்தது. எண்ணுகிறார். வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறார்.

உள்ளே வந்தவர் காலில் உடைந்த அரக்கு நெருநெருவென்றது. நின்றுவிட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "ஆறு மாசம் இருக்கும்."

மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. தம்பிதான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான், அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள். பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதிகூடக் கொடுத்தாயிற்று, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு சில வாரம் இருட்டறை மருந்து நெடியில் நிற்கக் கூடாது. அதற்குள் இந்த மூன்று பெட்டியையும் முடித்துவிடலாம் என்று நினைத்தார். கண் போன ஆளிடம் காப்பகம் வேலையை விட்டுவைக்குமா? இவளுக்குத் தெரிந்தால் இருட்டறைக் கதவுக்கும் ஒரு புதுப் பூட்டு போட்டுவிடுவாள். அந்தப் பயத்தில்தான் தம்பியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"டார்க்ரூமுக்குள்ள யாருக்குமே கண்ணு தெரியாதும்மா. அங்க போயிட்டா நானும் எல்லாரும் ஒண்ணுதான்னு தோணிச்சு. சிவப்பு விளக்குல படம் மெல்ல எழும்பி வரும் பாரு, அது எனக்கு வரவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னுடறேன்."

அவள் அந்தக் கறுத்த பாலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"நான் அவரைத் திருடன்னு சொன்னேனே. அப்ப உங்க வாயில என்ன இருந்துச்சு?"

வெள்ளி குறைந்தது என்று அவள் சொன்ன அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்திருக்கும், தொழில் தெரிந்தவர். படம் கறுத்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கும். புரிந்தும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணின் ரகசியத்தைக் காப்பாற்ற அவன் பெயர் போயிற்று. இதை அவள் அவருக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறையில் கொழுந்தன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அந்தக் கால்களிடம்தான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்று மட்டும் வந்தது. கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு அவன் ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"நானே கண்டுபிடிச்சேன். வாளி சொல்லிடுச்சு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கையைக் கந்தலில் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்தான். தெருவில் தன்னை அடையாளம் தெரியாமல் அண்ணன் இரண்டு தடவை கடந்து போனதைச் சொன்னான். மூன்றாம் தடவை எதிரே வேண்டுமென்றே போய் நின்றானாம். "யாருங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்றாராம் அண்ணன். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது.

"அவ்வளவு தெரிஞ்சும் நான் பேசினப்ப ஏன் தம்பி சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அழுவீங்க அண்ணி. நீங்க அழுது நான் பார்த்ததில்ல, எப்படித் தாங்கறதுன்னும் தெரியாது. திட்டுதான் எனக்குப் பழக்கமாச்சே."

அதைக் கேட்டபிறகு அவள் அழாமல் இருப்பாளா? பட்டறைக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கொழுந்தன் அவசர அவசரமாக எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, வாங்க அண்ணி, வாங்க, இங்கே வேண்டாம் என்று அவளை வண்டியில் ஏற்றினான். வீட்டு வாசலில் இறங்கினதும் கையை நீட்டினான். புதுப் பூட்டின் சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

அண்ணனிடம் மட்டும் அவன் சகஜமாகப் பேசவில்லை. சாப்பிட வந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், மாடிக்குப் போனான். கேலி இல்லை. படக்காரரும் ஏதோ சொல்ல வாயெடுப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு விட்டுவிடுவார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. முகம் சரியாகத் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை.

காப்பகத்துக்கு வெள்ளிக்காரியே போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மூன்று பெட்டியும் திரும்பப் போட வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றாள். அதிகாரி ஒரு படத்தை எடுத்துப் பார்த்தார். நூறு வருஷம் பொறுத்த படங்கள், இன்னும் சில வாரம் பொறுக்கும் என்றார். ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள், நாம்தான் முன்கூட்டியே பயந்துவிடுகிறோம்.

கறுத்த படங்கள் பாகப்பிரிவினைப்படி அவளுக்கே வந்தன. கெட்டுப்போன படம் வாளிக்குத்தான் சொந்தம். அவற்றிலிருந்தும் வெள்ளியை எடுக்க வழி இருக்கிறது. வருஷக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டி வைத்தாள். பாலத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பிஸ்கட் டப்பாவில் வில்லைகளுக்கு அடியில் வைத்தாள். அதுவும் வெள்ளிதானே.

ஆபரேஷனுக்கு முன் முடிந்தவரை போட்டுவிடலாம் என்று, அடுத்த நாள் காலையில் அவள் முதல் தடவையாக வேலை நடக்கிற நேரத்தில் இருட்டறைக்குள் நின்றாள். சிவப்பு விளக்கு. மூக்கைக் குத்துகிற அந்த நெடி அவளுக்குப் புதிதில்லை. வெளிச்சம் விடுகிற விநாடியெல்லாம் பழைய நோட்டிலிருந்து அவள் படித்துச் சொன்னாள். அவர் தாளை டெவலப்பர் தொட்டியில் போட்டு ஆட்டினார். அந்தக் கை தடுமாறவில்லை, அது கண்ணை நம்பிப் பழகின கை இல்லை. வெறும் தாளில் முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு தூண். பிறகு யாரோ ஒரு ஆள், அவர் கையில் ஒரு மூட்டை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது இத்தனை அழகாக இருக்கும் என்று தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள்.

"என்னம்மா, ஆச்சா?"

"ஐயையோ" என்றாள். முழுக்கக் கறுத்துவிட்டது.

"எனக்குக் கண்ணு தெரியல. உனக்கு என்ன கேடு?" என்று அவர் கேட்டார். பல மாதங்களில் அவர் சொன்ன முதல் கேலி அது.

இரண்டாவது தாளைப் போட்டபோது வெளியே கதவைத் தட்டும் சத்தம். கொழுந்தன் டிரம் எடுக்க வந்திருந்தான். தாள் உறைக்கு வெளியே இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது, அது அவனுக்கும் தெரியும். தட்டிவிட்டுக் காத்திருந்தான்.

படக்காரர் தொட்டியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. மூடின கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி."

"ம்."

"அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்டா. உன்னைச் சொல்லும்போது நான் பேசாம உட்கார்ந்திருந்தேன். தப்புடா அது. பெரிய தப்பு."

வெளியே சத்தமே இல்லை. வெள்ளிக்காரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு வந்தது. கரை வந்தது. படகு வந்தது. அவருடைய கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, முகம் கதவுப் பக்கமே இருந்தது. கொழுந்தன் போய்விட்டானோ? திரும்பிப் பார்க்கவும் பயம், இந்தத் தடவை தவறவிடக் கூடாது.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே" என்றது கதவுக்கு வெளியே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. "டிரம் நிறைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு. எத்தனை நேரம் நிக்கிறது? உள்ளே இருக்கிற அண்ணியை நம்பித்தான் இனிமே என் மானமே இருக்குது, வெள்ளி குறைஞ்சா மறுபடி என்னைத்தான் பிடிப்பாங்க."

படக்காரர் சிரித்தார். சிரிப்பா, வேறெதுவுமா என்று அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் தாளை மறந்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. ஆற்றின் மேல் மெல்லிய சாம்பல் படர்ந்துகொண்டிருந்தது, வானம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"எடுங்க" என்றாள்.

அவர் எடுத்தார்.